நாலு பிளக் பாயின்ட்டும் பதினோரு வகையும்

மெனு கார்டை லேமினேட் செய்யும்போது நாலு பக்கமும் அரை விரல் அளவுக்கு ஓரம் விட வேண்டும். பலர் விடுவதில்லை. காகிதத்தை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பதினைந்தாவது நாள் யாரோ சிந்திய கூல்டிரிங்ஸ் உள்ளே இறங்கி, மார்கரிட்டா பீட்சா படத்துக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும்.

மேடம், நீங்கள் "முதல்ல இருந்து, நிதானமா, உன் கைப்பட எழுது" என்றீர்கள். எனக்கு முதல் என்றால் மெனுதான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் மிதுன். வயது இருபத்து மூன்று. மெக்கானிக்கல் முடித்தேன். கல்லூரியில் வாராவாரம் ஒரு பக்கக் கிண்டல் தாள் எழுதி ஹாஸ்டல் மெஸ் சுவரில் ஒட்டுவேன். மெஸ் இட்லிக்கு நான் எழுதிய இரங்கல் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் பெரியப்பா மகன் மதன்குமார் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். "சாப்பாட்டப் பத்தி இத்தன யோசிச்சிருக்கற, வந்து நம்ம கடையப் பாத்துக்க சாமி" என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான்.

கடை சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி போகிற வழியில் இருக்கிறது. பெயர் 'தறிக்கூடம் பீட்சா'. முன்னால் அது நிஜமாகவே தறிக்கூடம். இருபத்து நான்கு விசைத்தறிகள் ஓடின. இருபத்து மூன்றை அண்ணன் எடைக்குப் போட்டார். ஒன்றை மட்டும் எண்ணெய் துடைத்து வாசலில் நிறுத்தினார். கல்லூரிப் பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடையின் கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் தறிக்கான சலுகைக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. யாராவது வந்து கேட்டால் காட்ட ஒரு தறி வேண்டும். அதனால் அண்ணன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: வயரிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வேலையைவிடப் பேச்சைத்தான் அதிகம் செய்வான் என்பது அவர் கணிப்பு. அது சரியான கணிப்பு.

ஆகவே சமையலறையில் நாலு பிளக் பாயின்ட். பழைய கூடத்தில் எத்தனை இருந்ததோ அத்தனை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நான் போனபோது மெனுவில் நாற்பத்தாறு வகை இருந்தது. அண்ணன் கல்யாண வீட்டுக்காரர் மனநிலையில் மெனு போட்டிருந்தார். எதுவும் விட்டுப்போச்சு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புரோக்கோலி ஒரே ஒரு பீட்சாவுக்காக ஃபிரிட்ஜில் குடியிருந்தது. அந்த பீட்சாவை வாரத்துக்கு இரண்டு பேர் கேட்பார்கள். அதில் ஒருவர் தவறுதலாகக் கேட்பார்.

நான் ஒரு விதி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எந்தச் சாமானாக இருந்தாலும் மூன்று வகையிலாவது வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இடமில்லை. புரோக்கோலி அன்றைக்கே போனது. ஆலிவ் இரண்டு நாள் போராடிவிட்டுப் போனது. பள்ளிபாளையம் சிக்கன் பீட்சா எங்கள் கடையின் மானம், அதை எடுக்க முடியாது. அதற்கு வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் வேண்டும். அப்படியானால் அந்த மூன்றும் வேறு இரண்டு வகையிலும் உழைக்க வேண்டும். பன்னீருக்கு வரமிளகாய் போனது, காளானுக்குத் தேங்காய் போனது. தக்காளி சாஸின் புளிப்பை அடக்க நாட்டுச்சர்க்கரை. கடைசியில் பத்தொன்பது சாமான், பத்து வகை. ஃபிரிட்ஜில் காற்று ஓடுகிற சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

அடுத்தது அடுப்பு. மூன்று கேஸ் ஓவன். ஒன்றில் இரண்டு பீட்சா வைக்கலாம். எட்டு நிமிடத்தில் வேகும். எடுத்து வைக்கிற நேரம் போக மணிக்கு நாற்பத்திரண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் பீட்சா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மூன்று கல்லூரிகள், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். அந்த நாற்பத்திரண்டில் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது என்பதுதான் என் வேலை.

அடுப்புக்கு மூன்று ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இங்கே தறியில் ஒரு ஆள் எட்டுத் தறி பார்க்கிறார். அப்படிப் பார்த்த ஒருவர் எங்களிடமே இருந்தார்.

திருமலைசாமி. வயது ஐம்பத்து நான்கு. அதே கூடத்தில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவர். தறிகள் எடைக்குப் போன அன்று லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல வந்து நின்றார். அண்ணனுக்குப் போகச் சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் மாவு பிசையக் கொடுத்தார்.

நான் கேட்டேன். "திருமலையண்ணா, மூணு அடுப்பையும் நீங்க ஒருத்தரே பாத்துக்குவீங்களா?"

"எட்டுத் தறிய பாத்தவனுக்கு மூணு அடுப்பு என்னுங் தம்பி. இதுகளாச்சும் ஓடாம நின்ன எடத்துல நிக்குதுங்."

எனக்கு அந்த பதில் மிகவும் பிடித்திருந்தது. அவருக்கு இரண்டு விஷயம் குறைவு. தறிச் சத்தத்தில் காது போயிருந்தது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பஞ்சுத் தூசியில் மூக்கும் போயிருந்தது. வெங்காயம் வதங்குவதா தீய்வதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். நான் இதைக் குறையாக எழுதவில்லை. என் நோட்டில், "சத்தம், புகை, நாற்றம் பற்றிப் புகார் வராது" என்று எழுதியிருக்கிறேன். நோட்டு உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அடுப்புக்கு அந்த மரியாதை கிடையாது.

முதல் நாளே நாலு பீட்சா கருகியது. அண்ணன் உள்ளே ஓடி வந்தார். "ஏனுங்ணா, பெல்லு அந்தக் கத்து கத்துது, காதுல உழுகலீங்களா?"

"உழுகலீங் மொதலாளி. உழுந்திருந்தா எடுத்திருப்பனுங்கள்ள?"

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அக்‌ஷிதா வந்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். ஒரு டிபன் பாக்ஸில் சால்டரிங் சாமான்களோடு வந்தாள். ஓவன் டைமர் மூன்றுக்கும் பெல்லுக்குப் பதிலாகப் பச்சை பல்பு வைத்தாள். எல்லாம் சின்ன பாட்டரியில் ஓடும். அதன் பிறகு ஒரு பீட்சாகூடக் கருகவில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. கேட்காமலே கெப்பாசிட்டியைக் கூட்டியவள்.

போகும்போது கேஸ் அலாரத்தைப் பார்த்தாள். கேஸ் கசிந்தால் அலறுகிற பெட்டி, கடை திறக்கும்போதே மாட்டியது. "அப்பாவுக்கு இது கேக்காதேண்ணா" என்றாள். அதற்கும் ஒரு பல்பு வைத்தாள். பெரிய சிவப்பு பல்பு, விட்டு விட்டு எரியும். அதற்கு மட்டும் பிளக் வேண்டும் என்றாள்.

"மத்தது மாதிரி பாட்டரியில ஓடாதா அம்மணி?"

"ஓடும்ணா, ஆனா மினுக்குன்னு எரியும். அப்பா முதுகக் காட்டிட்டு மாவு தட்டிட்டிருந்தாலும் எதுத்த செவுரு செவக்கணும். அப்பத்தான் திரும்புவாங்க."

நாலு பாயின்ட். ஃபிரிட்ஜ், மாவு பிசைகிற மெஷின், புகைபோக்கி ஃபேன். நாலாவது காலியாக இருந்தது. அதில் மாட்டினாள். அப்பாவை முகத்துக்கு நேராக நிறுத்தி, சிவப்பு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். மெயின் வால்வை மூடு. கதவு, ஜன்னல் எல்லாம் திற. எதையும் பற்றவைக்காதே, எந்த ஸ்விட்சையும் தொடாதே. பத்து நிமிடம் வெளியே நில். அவர் குழந்தை மாதிரித் தலையாட்டினார்.

பிறகு என்னிடம் வந்தாள். "அண்ணா, வேற என்ன வேணாலும் மாத்துங்க. இத மட்டும் கழட்டிராதீங்க."

"ஆகட்டும் அம்மணி" என்றேன்.

இனிதான் நான் எழுத வேண்டியது வருகிறது. அந்த அலாரம் அளவுக்கு மீறிய நாணயஸ்தன். மாவு புளிக்கும்போது லேசாகச் சாராயம் மாதிரி ஓர் ஆவி வரும். அலாரத்துக்கு அதுவும் கேஸ்தான். காது கேட்கிறவன் என்றால் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். திருமலையண்ணன் அப்படி இல்லை. சுவர் சிவந்ததும் வால்வை மூடுவார், கதவைத் திறப்பார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நிற்பார். மணி பார்த்துப் பத்து நிமிடம். நான் போய், "அண்ணா, அது மாவுங்க, கேஸ் இல்ல" என்பேன்.

"பாப்பா பத்து நிமிசம்னு சொல்லீருச்சுங் தம்பி" என்பார்.

பத்து நிமிடம் என்றால் ஏழு பீட்சா. நவம்பரில் மட்டும் ஒன்பது முறை. அறுபத்து மூன்று பீட்சா, ஒரு பல்புக்காக.

அதே மாதத்தில்தான் பதினோராவது வகை வந்தது. அதைக் கண்டுபிடித்தது நானில்லை, அவர்தான். வெட்டி மிஞ்சிய மாவை நீளமாக உருட்டி, உள்ளே தேங்காயும் நாட்டுச்சர்க்கரையும் வைத்துச் சுருட்டி, அணைகிற அடுப்பில் வைத்துத் தன் டீக்குத் தொட்டுக்கொள்வார். ஒருநாள் எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"என்னங்ணா இது?"

"பேரெல்லாம் இல்லீங் தம்பி. மாவ வீசறதுக்கு மனசு வல்லீங், சுருட்டிப்போட்டனுங்."

நான் அதைத் தின்றுகொண்டே யோசித்தேன். புதுச் சாமான் ஒன்றுகூட இல்லை. தேங்காய் ஏற்கெனவே மூன்று வகையில் வேலை செய்கிறது, இது நாலு. குப்பைக்குப் போகிற மாவு. ஓவனில் இடம் கேட்டால்தான் பிரச்சினை, ஒரு மின்சார டோஸ்டர் இருந்தால் ஓவனையே தொட வேண்டாம். மெனு போடுகிறவனுக்கு இப்படி ஒரு வகை வாழ்நாளில் ஒருமுறைதான் அமையும். 'உடுமலைச் சுருள்' என்று பெயர் வைத்தேன். திருமலையண்ணன் உடுமலைப்பேட்டையைப் பஸ்ஸில் கடந்திருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. தேங்காய் அங்கிருந்து வருகிறது, அது போதும்.

டோஸ்டருக்கு ஒரு பிளக் வேண்டும்.

அவர் ஓவனைப் பார்த்து நின்றபோது கேட்டேன். "அண்ணா, இந்த லைட்டு பிளக்க எடுத்துக்கட்டுங்களா?" யாரிடமும் கேட்கிற சாதாரணக் குரலில்தான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். சமையலறைக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது என்று தடை போட்டதே நான்தான். தண்ணீரும் மாவும் புழங்குகிற இடம். பாதுகாப்பு முக்கியம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். டோஸ்டரைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த பல்பு வயரைப் பார்த்தார். பல்பைக் கழற்றித் துண்டால் மாவைத் துடைத்தார். ஒரு செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"கல்லாவுக்கு அடியில வச்சிருங் தம்பி. பாப்பாகிட்டச் சொல்ல வேண்டாங். சங்கடப்படும்."

"அலாரம் கத்துனா நான் வந்து சொல்றனுங்ணா" என்றேன். இதை முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

"அது போதுமுங்" என்றார்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. ஒரு கல்லூரி விழாவுக்கு நாற்பது பீட்சா, பதினொன்றரைக்குள். ஓவன் கல் சூடாக நாற்பது நிமிடம் ஆகும், பிறகு ஒரு மணி நேரம் சுட வேண்டும். ஒன்பதே முக்காலுக்குப் பற்றவைத்தால் பதினொன்று இருபத்தைந்துக்கு முடியும். ஐந்து நிமிடம் மிச்சம். இதைவிடக் கச்சிதமாக யாராலும் போட முடியாது.

அவர் ஒன்பதரைக்கு மெயின் வால்வைத் திறந்துவிட்டு, ஓவன்களுக்கு முதுகைக் காட்டி மாவு உருண்டை வெட்டிக்கொண்டிருந்தார். நான் முன்பக்கம் கல்லாவில் இருந்தேன். புது மெனு கார்டு பன்னிரண்டு, பதினோரு வகையோடு முதல்முறை. லேமினேட் செய்துகொண்டிருந்தேன். ஒரு கார்டுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். நடுவில் உருவினால் சுருங்கிவிடும்.

ஏழாவது கார்டு உள்ளே போனபோது அலாரம் கத்தத் தொடங்கியது. அதற்கு உள்ளேயே பாட்டரி உண்டு, பிளக் இல்லாமலும் கத்தும். மாவுதான் என்று நினைத்தேன். உங்கள் ஆட்கள் முதலில் எழுதிய அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது: மிதுன் என்பவர் வழக்கமான பொய் அலாரம் என்று கருதினார். மூன்றாவது ஓவன் டியூபை எலி கடித்திருந்தது என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மை. எட்டாவது கார்டு வரைக்கும்.

ஒன்பதாவது கார்டில் வாடை வந்தது. மாவுக்கு அந்த வாடை கிடையாது. எனக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது, மேடம்.

நான் மணியைப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்திரண்டு. உள்ளே போய் அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னால் வால்வை மூடுவார், கதவைத் திறப்பார், துண்டை அவிழ்ப்பார், வேப்ப மரத்தடியில் பத்து நிமிடம் நிற்பார். எனக்கு மிச்சம் ஐந்து. அவரை எதைச் சொல்லியும் அந்தப் பத்திலிருந்து இறக்க முடியாது. கொஞ்சம் கசிகிறது, கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும், கூடம் பெரிய கூடம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதினேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. பத்தாவது கார்டை வைத்தேன். பதினோராவதை வைத்தேன். பன்னிரண்டாவது பாதி வெளியே வந்திருந்தபோது உள்ளே லைட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அவர் எப்போதும் இரண்டாவது தட்டில்தான் பற்றவைப்பார்.

எனக்குப் புருவம் மட்டும் பொசுங்கியது. இப்போது வளர்ந்துவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தார். இரண்டாம் நாள் அண்ணன் அழுதுகொண்டே பக்கத்தில் நின்றபோது, "ஒண்ணுமில்லீங் மொதலாளி, செரியாப் போயிருமுங். அந்தப் பசங்களுக்குப் பீட்சா போச்சுங்களா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சரியாக அவர் முகத்துக்கு நேரே நின்றிருந்தேன். அவர் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தார், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் முந்தைய நாள் காலையோடு முடிந்திருந்தது.

கடை ஒரு மாதம் கழித்துத் திறந்தது. சமையலறைச் சுவரில் அவர் படத்தை மாட்டினோம். மாலை போட்டோம். படத்துக்கு முன் விளக்கு எரிய வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். கல்லாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றியிருந்த பல்பு எனக்கு நினைவு வந்தது. விட்டு விட்டு எரிகிற பாகத்தை எடுத்துவிட்டேன். இப்போது நிலையாக எரிகிறது. பார்க்க அமைதியாக இருக்கிறது.

திறப்பு அன்று அக்‌ஷிதாவை அண்ணன் அழைத்திருந்தார். அவள் படத்துக்கு முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தாள்.

"உன் லைட்டுத்தான் அம்மணி" என்றேன். "அப்பா பத்திரமா எடுத்து வச்சிருந்தாரு."

அவள் கண் வயர் வழியாக இறங்கியது. படத்தின் பின்பக்கம், சுவரோரம், டோஸ்டரைத் தாண்டி, அலமாரிக்கு அடியில் இருக்கிற வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப வாங்குனதுண்ணா?"

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. "கடை ஆரம்பிச்சப்பவே இருக்குது அம்மணி. லேமினேட் மெஷினுக்குப் போட்டிருந்தது."

அவள் அழவில்லை. "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். மணி பார்த்தாளா என்று தெரியாது. மறுநாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

மேடம், வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டீர்கள். பிளக் பாயின்ட் பற்றவில்லை என்பதற்காக அந்த பல்பை எடுக்கவில்லை. அந்த மனிதர் வெளியே போய் நிற்பதை நிறுத்த எடுத்தேன். நிறுத்தினேன். இதைத் தனி வரியில் எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

மெனு இன்னும் பதினோரு வகைதான். பதினோராவதன் பெயரை 'திருமலைச் சுருள்' என்று மாற்றியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். இரவில் கடை சாத்தும்போது ஃபிரிட்ஜ் தவிர எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன், பாதுகாப்புக்காக. அந்தச் சிவப்பு பல்பை மட்டும் இதுவரை ஒருநாள்கூடக் கழற்றியதில்லை. அக்‌ஷிதா அதைத்தான் கேட்டுக்கொண்டாள், நானும் ஆகட்டும் என்று சொல்லியிருந்தேன்.